பணம் வாங்கிய அக்கா என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை

வாசகர் கடிதம்:

"மேடம், நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 36. தேயிலை பறிக்கப் போகிறேன். வீட்டுக்காரர் பேக்டரிக்கு இலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். அப்பா அம்மா இருவரும் சிலோனிலிருந்து வந்தவர்கள். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள், எங்கள் லைனில் எல்லோருமே அப்படி வந்த குடும்பங்கள்தான்.

எதிர்வீட்டு அக்காவும் நானும் பதினைந்து வருடப் பழக்கம். மகள் பிறந்த அன்று ராத்திரி, கொட்டுகிற மழையில் ஜீப் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே அவர்தான். போன ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஏற்கெனவே இரண்டு லோன் ஓடுவதால் அவர் பெயரில் கொடுக்க மாட்டோம் என்று குழுக்கடன் கொடுக்கும் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். 'உன் பேர்ல எடுத்துக் குடு, மாசாமாசம் நான் கட்டிர்றேன்' என்றார். பத்துப் பேர் உள்ள எங்கள் குழுவில் என் பெயரில் 40,000 எடுத்து அப்படியே அவர் கையில் கொடுத்தேன். மாதம் 2,120 ரூபாய், 24 மாதம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் வரை ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினார். ஜனவரியிலிருந்து தரவில்லை. மூன்று மாதம் நானே கட்டினேன். ஏப்ரலில் என்னாலும் முடியவில்லை. வசூலுக்கு வந்த தம்பி ராத்திரி ஏழரை வரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது. கடைசியில் குழுவில் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். இப்போது அவர்களும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அக்கா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'அவளும் பாதி எடுத்துக்கிட்டா' என்று குழாயடியில் சொல்லியிருக்கிறார். காசில்லை என்கிறவர் மகனுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை. உதவி செய்தவளை இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது? இனி யாருக்கும் எந்த உதவியும் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவளோடு சேராதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் செய்வது சரிதானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: பணம் போனதைவிட அக்கா போனதுதான் உங்களுக்கு அதிகம் வலிக்கிறது. தவணை, தேதி எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வி என்று வரும்போது பணத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "எப்படி மனசு வருகிறது?" என்றுதான் கேட்கிறீர்கள். அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம், அதை விட்டுவிட மாட்டேன்.

கடனைத் திருப்ப முடியாமல் தவிப்பவருக்கு, கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பதே வேதனை. நீங்கள் ஒன்றுமே கேட்க வேண்டாம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றாலே போதும், "இந்த மாசமும் தரலையே" என்று அவர் காதில் விழும். அந்த வேதனையிலிருந்து அவர் தப்பிக்க மூன்று வழி உண்டு. பணத்தைக் கட்டிவிடலாம். அல்லது உங்கள் வீட்டுப் படியேறி, "முடியலம்மா, கொஞ்சம் பொறு" என்று சொல்லலாம். இல்லையென்றால் உங்களைப் பார்க்காமலே இருந்துவிடலாம். முதல் வழிக்குக் காசு வேண்டும், அடுத்ததற்குத் துணிச்சல் வேண்டும். மூன்றாவதற்கு ஒன்றும் வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். இந்த மலையில் குடும்பங்களோடு பேசுவதே என் வேலை. கடனில் முறிந்த உறவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆட்கள் மூன்றாவது வழியில்தான் போகிறார்கள். "கடன் அன்பை முறிக்கும்" என்று பெட்டிக்கடையில் எழுதி மாட்டுகிறவர்கள் அனுபவப்பட்டுத்தான் மாட்டுகிறார்கள்.

சரி, பார்க்காமல் இருப்பது புரிகிறது, பொய் ஏன் சொல்ல வேண்டும்? நீங்கள் தூக்கம் இழப்பது இந்தப் பொய்யால்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தன்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு யாராலும் நெடுநாள் இருக்க முடியாது. "எனக்காகத் தன் பெயரைக் கொடுத்தவளை நான் கைவிட்டேன்" என்ற நினைப்போடு ஒருத்தி எப்படி நிம்மதியாகச் சோறு சாப்பிடுவாள்? அந்த நினைப்பைக் கொஞ்சமாவது லேசாக்கிக்கொள்ள, மனசு உங்களிடம் ஏதாவது குறை தேடும். "அவளும் கொஞ்சம் எடுத்திருப்பா", "அவளுக்கென்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்", "நான் அவளுக்குச் செய்யாததா?" என்று ஒவ்வொன்றாகச் சேரும். நாளாக நாளாக அதை அவரே நம்பவும் தொடங்கிவிடுவார். அதனால் குழாயடியில் சொன்ன அந்தப் பொய் உங்களுக்காகச் சொன்னது என்பதைவிட, முதலில் தனக்காகச் சொல்லிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெயரைக் கெடுத்தது தவறுதான், அதை அவர் திருத்தியாக வேண்டும். ஆனால் பதினைந்து வருடமும் அவர் நடித்தார் என்ற முடிவுக்கு மட்டும் போகாதீர்கள். அன்று மழையில் ஜீப் பிடித்தவரும் இன்று முகத்தைத் திருப்புகிறவரும் ஒரே ஆள். அந்த நல்லது பொய்யாகிவிடவில்லை.

ஏமாற்ற நினைத்தவர் ஆறு தவணை கட்ட மாட்டார். ஆறு தவணை என்றால் 12,720 ரூபாய். நின்றது எப்போது என்று பாருங்கள், ஜனவரியில். அந்த மாதங்களில் இந்த மலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனி விழுந்து கொழுந்து கருகிக் கிடக்கும். பறிக்க இலை இல்லாத வாரத்தில் கூலியும் இல்லை. தவணைக்கு மட்டும் பனிக்காலம், மழைக்காலம் கிடையாது. ஏற்கெனவே இரண்டு லோன் ஓடும் வீட்டில் மூன்றாவதாக உங்கள் தவணையும் சேர்ந்தபோது எதை நிறுத்துவது என்று அவர் யோசித்திருப்பார். வாசலில் வந்து உட்காராத ஆள் நீங்கள் ஒருவர்தான், அதனால் உங்களுடையதை நிறுத்திவிட்டார். நம்மைத் திட்டாதவரிடம்தான் நாம் முதலில் வாக்குத் தவறுகிறோம். எனக்கும் இது கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கடன் இல்லாத விஷயங்களிலும் மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

அந்தப் போன் உங்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று தெரிகிறது. அதுவும் தவணையில் வந்த போனாக இருக்கலாம். கழுத்துவரை கடன் உள்ள வீட்டில்தான் பிள்ளைக்குப் புதுசாக ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற தவிப்பும் அதிகம். "எங்களிடமும் இருக்கிறது" என்று நாலு பேர் பார்க்க ஒன்று வேண்டியிருக்கிறது. உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்தது சரியில்லை. ஆனால் போனை வைத்து அவர் வீட்டில் பணம் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் உங்கள் கணக்குத்தான் தப்பாகும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் ஏன் மறுக்கவில்லை? அந்த ஜீப் சம்பவத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது தற்செயலாக வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இத்தனை வருடமும் உங்களுக்குள் இருந்திருக்கிறது. அக்கா கேட்டதும், "இதுதான் சமயம்" என்று மனசு சொல்லியிருக்கும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு உங்கள் பெற்றோரைப் போல லட்சக்கணக்கானவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைத் தாண்டி இந்த மாதிரி இடங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் ஒரு ஊர், தங்கை ஒரு ஊர் என்று குடும்பங்கள் சிதறின. பிரசவத்துக்கு ஓடிவர ஒன்றுவிட்ட சொந்தம்கூடப் பக்கத்தில் இல்லாத லைனில், எதிர்வீட்டுக்காரர்தான் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்தான் மாமா. அந்த உறவில் கணக்கு எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. ஆனால் மனசுக்குள் இரண்டு பேரும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் 40,000 என்று வைத்திருக்கிறீர்கள். "ஒரு உயிரையே காப்பாற்றிக் கொடுத்தேனே" என்று அவர் வைத்திருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று கழித்துக்கொள்ள முடியாத கணக்குகள். பேசும்போது இதை மறக்க வேண்டாம்.

குழுப் பெண்களின் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் திடீரென்று கெட்டவர்களாகிவிடவில்லை. இந்த மாதிரிக் கடனுக்கு நகையோ பத்திரமோ வாங்குவதில்லை. பங்களாதேஷில் 1976-இல் முகமது யூனுஸ் ஏழைப் பெண்களுக்கு இப்படிக் கடன் கொடுக்கத் தொடங்கியபோது, குழுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான் அதற்குப் பிடிமானம். அவருக்கு 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. பல பெண்கள் கந்துவட்டியிலிருந்து தப்பித்ததும் இந்தக் குழுக்கடனால்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தவணை நின்றால் அண்டை அயலார் முன்னால் தலைகுனிய வேண்டிவரும் என்ற பயமும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அடமானம் வைத்தது உங்கள் நல்ல பெயரை. குழுவில் மற்றவர்களுக்கும் வைக்க அதுதான் இருக்கிறது. அது போய்விடுமோ என்ற பயம்தான் கோபமாக வருகிறது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3,00,000 ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு இப்படிக் கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்குமாகக் கட்டும் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு மூன்றாவது லோன் கிடைக்காமல் போனதற்கு இந்த மாதிரி வரம்புதான் காரணமாக இருந்திருக்கும். அந்த வரம்பு அவருக்குப் பாதுகாப்பாக வைத்தது. நீங்கள் உங்கள் பெயரைக் கொடுத்ததால் அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. உதவி என்று நினைத்துச் செய்தது இரண்டு வீட்டையும் மாட்டிவிட்டது, அவ்வளவுதான். கையெழுத்து உங்களுடையது, ஆகவே கம்பெனியின் கணக்கில் கடனும் உங்களுடையது. அக்கா கட்டாததால் அவர்கள் உங்களை விட்டுவிட மாட்டார்கள். தொடர்ந்து நின்றுபோனால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று குறித்து வைக்கும் சிபில் மாதிரிப் பதிவுகளில் அது ஏறும். நாளை மகளின் காலேஜ் படிப்புக்கு லோன் கேட்டுப் போய் நிற்கும்போது பெற்றோரின் பதிவையும் புரட்டிப் பார்ப்பார்கள்.

இனி என்ன செய்வது?

முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வேறு எதற்கும் முன்னால் இது நடக்க வேண்டும். வசூல் தம்பி ஏழரை மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்தது லைன் முழுக்கத் தெரியும். இலை எடைபோடும் இடத்திலோ டீக்கடையிலோ யாராவது அவரிடம் சொல்வதற்குள் உங்கள் வாயால் அவர் கேட்க வேண்டும். கடனை மன்னிக்கிற கணவர்கள்கூட, ஊரே அறிந்த விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் போனதை எளிதில் மன்னிப்பதில்லை. சொல்லும்போது முழுத் தொகையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்து, பத்தாயிரம் என்று சொல்லி, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வது மிகவும் மோசமானது. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக ஏமாறுவார். ஓட்டம் முடிந்து அலுப்போடு வந்த உடனே வேண்டாம். குடித்திருக்கும் நேரத்தில் நிச்சயமாக வேண்டாம். மகள் இல்லாத ஒரு நேரம் பாருங்கள். அவர் கோபப்படுவார், பட உரிமையும் உண்டு. அந்தக் கோபத்தில் எதிர்வீட்டுக்குச் சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள, அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை முன்கூட்டியே துணைக்குச் சொல்லி வைக்கலாம். உங்கள் மேல் கை வைப்பார் என்ற பயம் இருந்தால், அந்தப் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பேச்சையே எடுக்க வேண்டாம். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

பிறகு, கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். அக்கா கட்ட வேண்டியிருந்து கட்டாதது, இனி வரப்போவது எல்லாம் சேர்த்து 18 தவணை, 38,160 ரூபாய். அதில் நீங்கள் கட்டியது 6,360. குழு கட்டியது 2,120. மே மாதத்திலிருந்து வரப்போகும் 14 தவணைக்கு 29,680. ராத்திரி புரண்டு படுக்கும்போது இந்தக் கடன் ஒரு லட்சம் போலத் தோன்றும். தாளில் அது 38,160தான். அக்காவின் மனசிலும் அது எவ்வளவாகவோ ஊதிப் போயிருக்கும், அவருக்கும் இந்தத் தாள் தேவை.

குழு போட்ட 2,120 ரூபாயை மற்ற எதற்கும் முன்னால் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் உங்களைப் போலவே இலை பறிக்கிறவர்கள். கொடுக்கும்போது, அக்காவைத் திட்டாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "பணம் முழுசும் அவங்களுக்குத்தான் போச்சு, நான் ஒரு ரூபா எடுக்கல. பேரைக் குடுத்தது என் தப்பு. உங்க பணத்தை உங்களுக்குக் குடுத்திர்றேன்." குழாயடிப் பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம். ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கம் சொல்லிக்கொண்டு போனால் பேச்சு வளரும், ஓயாது.

இப்போது அக்கா. அவரோடு பேசுவதற்கு இது நல்ல சமயம். கோடை மழைக்குப் பிறகு இலை வரத் தொடங்கிவிட்டது, கையில் வாரக் கூலி புரளும் மாதங்கள் இவை. ஜனவரியில் கேட்டிருந்தால் அவரால் கொடுக்க முடிந்திருக்காது. குழாயடியிலோ தோட்டத்திலோ வேண்டாம். நாலு பேர் முன்னால் கேட்டால் அந்தப் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். "நான் ஏன் போக வேண்டும், அவர் அல்லவா வர வேண்டும்?" என்று தோன்றும். நியாயப்படி அவர்தான் வர வேண்டும். ஆனால் வெட்கத்தில் இருப்பவர் முதலில் வர மாட்டார், காத்திருந்தால் வருடம் ஓடிவிடும். போனதும் பொய்யைப் பற்றியோ போனைப் பற்றியோ எடுக்காதீர்கள். "அக்கா, பனியில உங்களுக்குக் கஷ்டம்னு தெரியுது. எனக்கும் கட்ட முடியல. ரெண்டு பேரும் சேர்ந்து இதை எப்படி முடிக்கிறதுன்னு பாக்கலாம்" என்று தொடங்குங்கள். அவர் அழலாம், கத்தலாம், ஜீப் கதையை எடுக்கலாம். எடுத்தால் மறுக்காதீர்கள். "அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அது வேற, இது வேற" என்று சொல்லுங்கள்.

மாதம் 2,120 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க அவரால் முடியாமல் இருக்கலாம். வாரக் கூலி வாங்கும் அன்றே 300 ரூபாய் தரச் சொல்லிப் பாருங்கள். அப்படியென்றாலும் இரண்டரை வருடத்துக்குள் முழுத் தொகையும் வந்துவிடும். இலை அதிகமுள்ள மாதங்களில் கூடுதலாகவும் பனி மாதங்களில் குறைவாகவும் வைத்துக்கொள்ளலாம். கம்பெனித் தவணைக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை இப்போதைக்கு உங்கள் வீடுதான் தாங்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பேசி முடித்ததை எழுதி வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார். எழுத்து இருந்தால் நாளைக்கு இரண்டு பேருமே வேறு மாதிரி சொல்ல முடியாது, அவர் கட்டிய ஆறு தவணையும் அதில் பதிவாகும், அது அவருக்கும் பாதுகாப்பு. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும்.

அவர் பேசவே மறுத்தால், கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டமே அதைச் சொல்கிறது. வழக்குப் போடாமலே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிச் சமரசம் செய்து வைப்பார்கள். எண் 15100. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதை நான் இப்போது சொல்ல மாட்டேன். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஆன பிறகு அந்த லைனில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே குடியிருக்க முடியாது.

வசூல் தம்பி செய்தது தவறு. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தபந்தத்தையும் கூட வேலை செய்கிறவர்களையும் நச்சரிக்கக் கூடாது என்று அதே ரிசர்வ் வங்கி விதிகளில் இருக்கிறது. வசூலுக்கென்று பேசி வைத்த இடத்தில்தான் வாங்க வேண்டும். இரண்டு தடவையோ அதற்கு மேலோ தொடர்ந்து நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். இருட்டிய பிறகு காட்டெருமை நிற்கிற பாதையில் யாரும் நடமாடாத ஊரில், ஏழரை வரை ஒரு பெண்ணின் வாசலில் உட்கார்ந்திருப்பது மிரட்டல்தான். தாமதத்துக்கு அபராதம் போட்டால் நின்றுபோன தொகைக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. கம்பெனி மேனேஜரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்றும் கேளுங்கள். கொடுப்பது அவர்கள் விருப்பம், ஆனால் கேட்காமல் கிடைக்காது. மறுபடியும் ராத்திரி வந்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான விவரத்தை 14448-இல் சொல்வார்கள். அந்தத் தம்பியும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான், மாத இலக்கு அவரையும் விரட்டுகிறது. அதற்காக நீங்கள் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

தூக்கமின்மையைச் சாதாரணமாக விடாதீர்கள். வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகே பாதி சரியாகும் என்று நம்புகிறேன். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள்.

"இனி யாருக்கும் எந்த உதவியும் செய்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. உதவி செய்யாமல் அந்த லைனில் ஒரு மழைக்காலத்தைக்கூட ஓட்ட முடியாது என்று உங்களுக்கே தெரியும். பெயரையும் கையெழுத்தையும் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கையில் இருப்பதில், திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கும் என்கிற அளவுக்குக் கொடுங்கள், ஐந்நூறோ ஆயிரமோ. "என்னால இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லும்போது முதல் இரண்டு தடவை வாய் கூசும். கேட்டவர் முகம் வாடும். வாடட்டும். அந்த வாட்டம் ஒரு வாரத்தில் போய்விடும், இந்த மாதிரி இரண்டு வீட்டுச் சண்டையாக நிற்காது.

கடைசியாக, "சரிதானே?" என்று கேட்ட விஷயம். சரியில்லை, சகோதரி. உங்கள் மகளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இந்த 40,000 ரூபாயில் எந்தச் சம்பந்தமும் இல்லை. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு விஷயம் தெரியாமலும் இருக்காது. குழாயடிப் பேச்சு முதலில் போய்ச் சேர்வது பிள்ளைகளிடம்தான். "சேராதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவள் காரணத்தைத் தானே கற்பனை செய்துகொள்வாள், அல்லது உங்களுக்குத் தெரியாமல் சேருவாள். இரண்டுமே வேண்டாம். வீட்டுக்காரரிடம் பேசிய மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பெரியவங்களுக்குள்ள பண விஷயம், நாங்க பேசித் தீர்த்துக்குறோம். நீ அவளோட எப்பவும் போல பஸ்ல போ, ஒண்ணாப் படி. அம்மா சொன்னதை விட்டிரு" என்று சொல்லுங்கள். அக்காவைப் பற்றி அவள் ஏதாவது கேட்டால், அவள் பிறந்த ராத்திரி ஜீப் பிடித்தது யார் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசிய பிறகு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். அக்காவோடு பேச முடியாமல் போனாலும் எழுதுங்கள்.